கிளாம்ப் விழுந்த மத்தியானம்

அண்ணே,

இன்று காலை ஸ்டோரில் புது பெல்ட்டுகள் வந்து இறங்கின. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பெல்ட். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புது நைலான் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மழைக்கோட்டும் புதுப் பள்ளிக்கூடப் பையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. ஸ்டோர்காரர் கையெழுத்துக்காக நோட்டை நீட்டிக்கொண்டு நிற்க, நான் ஒரு பெல்ட்டைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். நம் சிமெண்ட் ஆலையின் உயரமான ப்ரீஹீட்டர் கோபுரத்தின் அடியில் இதே மாதிரி ஒரு பெட்டியிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினீர்களே, அந்த நாள் வந்து நின்றது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்காக நான் எழுதியதெல்லாம் படிவங்கள்தான். கடிதம் ஒன்றுகூட இல்லை.

எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று ஒரு முறை கேட்டீர்கள். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் ஆலைச் சங்கு ஊதிவிட்டது, நீங்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் அரும்பாவூர்க்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர்கள். பெரம்பலூரில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையில் ஒரு காண்ட்ராக்டரிடம் கேட் பாஸ் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர் பெயர், தகப்பனார் பெயர், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு எழுதுவேன். அந்தக் கடைசிக் கட்டத்தை யோசித்து எழுதியதே இல்லை.

ஒரு நாள் வெல்டர் ஒருவர் ஏணியோடு சரிந்து விழுந்துவிட்டார். லிஸ்ட் என்னிடம் இருந்ததால் வீட்டுக்குச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. போனை எடுத்தது அவர் மனைவி. நான் ஆலையிலிருந்து பேசுகிறேன் என்றதும், 'சாப்பாட்டுத் தூக்குவாளிய மறந்து வச்சுட்டுப் போயிட்டாரு, அதுக்கா கூப்புடுறீங்க? பஸ்ஸுல குடுத்து வுடட்டுமா?' என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. அந்த வெல்டர் பிழைத்துக்கொண்டார். கால் கொஞ்சம் இழுக்கும், கீழப்பழுவூரில் டீக்கடை வைத்திருக்கிறார். ஆனால் ஏணியை ஏன் கட்டவில்லை என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டபோது, அது சேஃப்டி ஆளுங்க பார்க்க வேண்டிய வேலைம்மா என்றார்கள். அப்படியானால் அந்த ஆளாவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன்.

வீட்டில் சொன்னதும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்த பெண் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பதா என்றார். அம்மா மக்காச்சோளம் உரித்தபடியே, 'நிக்கட்டும். நாம ஹெல்மெட் இல்லாம நிக்கலையா?' என்றது. ஒரு வருடம் திருச்சிக்குப் போய் டிப்ளமோ முடித்து, அதே காண்ட்ராக்டரிடம் சேஃப்டி கோஆர்டினேட்டராகத் திரும்பி வந்தேன். கேட் பாஸில் பழைய போட்டோதான். பதவி மட்டும் புதுசு.

வந்த மூன்றாம் மாதம் ஷட்டவுன். வருடத்துக்கு ஒரு தரம் கில்ன் என்கிற அந்தப் பெரிய சூளையை நிறுத்தி, கோபுரம் முழுக்கப் பழுது பார்க்கிற நாட்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிவார்கள். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி நீங்கள். விக்கிரமங்கலத்துக்காரர், கல்ஃபில் பத்து வருடம் சாரம் கட்டிவிட்டு வந்தவர் என்று சொல்லியிருந்தார்கள். கட்டிய சாரத்தைப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லையென்றால் சிவப்பு அட்டை மாட்டுவது என் வேலை. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, பலகைகள் கட்டப்படவில்லை என்று உங்கள் சாரத்துக்குச் சிவப்பு மாட்டினேன். நாற்பது பேர் வேலையில்லாமல் நின்றார்கள்.

நீங்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

'என்னைக்காச்சும் மேல ஏறிப் பாத்திருக்கீங்களா மேடம்?' என்று கேட்டீர்கள்.

இல்லை என்றேன். புது பெல்ட் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். எந்த வார் எங்கே வரவேண்டும் என்று நாலு அடி தள்ளி நின்றே வாயால் சொன்னீர்கள். நான் மாட்டிக்கொண்டு ஏறினேன். சாரத்தின் மூன்றாவது தட்டில் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே உங்கள் ஆட்கள் சிரிப்பது கேட்டது. ஐந்தாவது தட்டில் நான் பலகையில் கால் வைத்தேன், அது ஒரு சாண் நகர்ந்தது. பின்னாலேயே வந்த நீங்களும் அதைப் பார்த்தீர்கள். குனிந்து, கீழே இருந்தவர்களிடம் கம்பி கொண்டுவரச் சொல்லி, அந்தப் பலகையை உங்கள் கையாலேயே கட்டினீர்கள். அன்று சாயங்காலம் நான் பச்சை அட்டை மாட்டினேன். அதற்காக நாம் சிநேகிதர்கள் ஆகிவிடவில்லை. அதற்கு இன்னும் நிறையச் சண்டை போட வேண்டியிருந்தது.

ஒரு சண்டையில், கல்ஃபில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த மனிதர் இங்கே வந்து ஏன் செய்வதில்லை என்று கேட்டுவிட்டேன். நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, 'அங்க பண்ணலன்னா ஊருக்கு அனுப்பிடுவான். இங்க பண்ணுனா ஊருக்கு அனுப்பிடுவான்' என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். மேடம் என்பது தங்கச்சி என்று ஆனது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருட ஷட்டவுன். நல்ல வெயில். கோபுரத்தைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கும் பெண்களில் அஞ்சலை என்று ஒருவர் இருந்தார். ஆலைக்குள்ளே நிழல் என்று இருப்பது கோபுரத்தின் காலடியில்தான் என்பதால், தினமும் அங்கேதான் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்றைக்கும் தூக்கைத் திறந்து வைத்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். நாலாவது தட்டிலிருந்து ஒரு கிளாம்ப் விழுந்தது. இரண்டு குழாய்களைச் சேர்த்து இறுக்கும் இரும்புப் பிடி, ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அது அஞ்சலை உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்து, தரையைப் பெயர்த்து, தூக்கின் மூடியை நசுக்கிவிட்டுப் போனது.

கீழே இருந்த யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் கட்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவும் இல்லை. நீங்கள் நாலு தட்டும் இறங்கி வந்து அந்தக் கிளாம்பை எடுத்துக்கொண்டு நேராக என்னுடைய கன்டெய்னர் அறைக்கு வந்தீர்கள். மேஜையில் வைத்தீர்கள். நடந்ததைச் சொன்னீர்கள். உங்கள் உதடு வெள்ளையாக இருந்தது.

விபத்து நூலிழையில் தப்பினால் எழுதுகிற படிவத்தை நான் எடுப்பதற்குள் நம்முடைய காண்ட்ராக்டரின் மேனேஜர் போன் செய்துவிட்டார். யார் சொன்னார்களோ, விஷயம் அவருக்குப் போயிருந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, பிறகு எதற்குக் காகிதம், காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம், ஆலைக்காரர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றார். சரி சார் என்றேன். என் வேலையும் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். தம்பியை அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தோம். போனை வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே என்றேன்.

'நாளைக்கும் அஞ்சல அங்கதான் உக்காந்து சாப்புடும்' என்றீர்கள்.

நான் படித்த டிப்ளமோவில் இந்த வாக்கியம் இல்லை, அண்ணே. அதில் எல்லாம் இருந்தது. ஆபத்தின் அளவை எப்படிக் கணக்கிடுவது, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்றெல்லாம் இருந்தது. ஆனால் படித்த நான் நாளைக்கு என்றேன். எட்டாவதோடு நிறுத்திய நீங்கள், நாளைக்கு அந்த இடத்தில் யார் இருப்பார் என்று சொன்னீர்கள்.

படிவத்தை எடுத்தேன். பெயர் போடாமலும் எழுதலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

'பேரு போடலன்னா நாலு பயல்ல எவனையாச்சும் புடிப்பாங்க. என் கைதான் வுட்டுச்சு. என் பேரப் போடு தங்கச்சி.'

போட்டேன். நீங்கள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அஞ்சலை நசுங்கிய மூடியோடு வந்து வாசலில் நின்றார். நீங்கள்தான் அவரிடம் சொன்னீர்கள். அவர் கிளாம்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். 'அப்ப நான் எங்கங்க உக்காந்து சாப்புடுறது?' என்று மட்டும் கேட்டார். படிவத்தில் 'என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அஞ்சலையின் கேள்வியை அப்படியே எழுதினேன்.

ஷட்டவுன் முடிவதற்குள்ளேயே உங்கள் கேட் பாஸை ரத்து செய்துவிட்டார்கள். காரணம் என்று ஏதோ ஒன்றை எழுதியிருந்தார்கள், கிளாம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடைமேடைக்கு மாற்றினார்கள். லாரி நம்பர் எழுதுவதற்கு. மூன்று வருடம் பின்னால் போய், பழையபடி நம்பர் எழுதும் பெண்ணாகிவிட்டேன். எனக்கு மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட உங்கள் மேல் வந்த கோபம் அதிகம். இதை உங்களிடம் நான் சொன்னதில்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாமே என்று எடைமேடையில் உட்கார்ந்து நினைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் துணிக்கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு மாடி வீடு, வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருந்தார்கள். மொத்தமே இரண்டு மாடி. அதன் மேல் ஒரு ஆள் முழு பெல்ட் மாட்டிக்கொண்டு, கொக்கியைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். தெருவில் நின்றிருந்த வீட்டுக்காரர், இதென்ன ராக்கெட்டா விடப் போகிறீர்கள் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். நீங்கள் திரும்பினீர்கள். நீங்கள்தான்.

இறங்கி வந்தீர்கள். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நான் கோபம் எல்லாம் மறந்து, ஆலைக்காரர்கள் யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு இந்த பெல்ட் என்று கேட்டேன். கூச்சப்பட்டீர்கள். அந்தக் கிளாம்ப் விழுந்ததிலிருந்து உங்கள் கையை உங்களால் நம்ப முடியவில்லை என்றீர்கள். 'கை வுடும் தங்கச்சி. எல்லார் கையும் ஒரு நாளைக்கு வுடும். அப்ப புடிச்சுக்க எதாச்சும் இருக்கணும்ல' என்றீர்கள். உங்கள் பையில் ஒரு கட்டு நூல் கயிறு இருந்தது. ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் சைக்கிள் ட்யூப் வளையம் போட்டு மணிக்கட்டோடு கட்டும்படி நீங்களே செய்து வைத்திருந்தீர்கள். அப்படி ஒரு கயிற்றை எனக்குக் கொடுத்தீர்கள். மறுநாள் எடைமேடையில் அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் எழுதிய படிவத்துக்கு மூன்று நகல். ஒன்று காண்ட்ராக்டருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று தானாகவே ஆலையின் சேஃப்டி ஆபீஸுக்குப் போகும். மேனேஜர் அதை மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். ஆலைக்குப் புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் ஒருவர் பழைய கட்டுகளைப் படித்துக்கொண்டு வந்தவர், 'எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது' என்ற கட்டத்தில் நின்றுவிட்டார். இந்த மாதிரி ஒரு படிவத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று பின்னால் சொன்னார். என்னை வரச் சொன்னார். எழுதியவர் எங்கே, கையெழுத்துப் போட்டவர் எங்கே, கேட்டவர் எங்கே என்று மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்.

அந்தக் கூட்டத்தில் நம்முடைய மேனேஜரும் இருந்தார். உங்களை வெளியே அனுப்பியதைப் பற்றி நீங்கள் ஏதாவது புகார் சொல்வீர்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். நீங்கள் அதைத் தொடவே இல்லை. சாரத்துக்குக் கீழே வலை கட்ட எத்தனை குழாய் கூடுதலாக வேண்டும், கருவிகளை எப்படிக் கட்டலாம், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். அஞ்சலைக்குக் கொட்டகை எங்கே போடலாம் என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தீர்கள். மேனேஜர்தான் கடைசியில், குரல் கொஞ்சம் இறங்கி, உங்களை அடுத்த ஷட்டவுனுக்கு வரச் சொல்லலாம் என்றார். என்னையும் கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் கோபுரத்துக்குக் கீழே வலை இருந்தது. தள்ளி ஒரு தகரக் கொட்டகை, மின்விசிறி, பெஞ்சு, தண்ணீர்க் குழாய். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்திப் பேசுகிற அந்தப் பத்து நிமிடத்தை நான் உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அறிவுரை சொல்லவில்லை. கிளாம்பைக் கையில் தூக்கிக் காட்டி, இது என் கையிலிருந்து விழுந்தது என்று ஆரம்பித்தீர்கள். இருநூறு பேர் மூச்சு விடாமல் கேட்டார்கள். அந்த ஷட்டவுனில் எனக்கு வந்த படிவங்களை வைக்க ஒரு ஃபைல் போதவில்லை. நழுவிய பலகை, தேய்ந்த கயிறு, உடைந்த ஏணிப்படி. எல்லாம் பெயர் போட்டு எழுதியவை.

பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இரண்டு நாள் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து போனீர்கள். நான் பார்க்க வந்தபோதெல்லாம் உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். சாரத்துக்கு இப்போது யார் மேஸ்திரி, வலையை மாற்றினார்களா என்றுதான் கேட்பீர்கள். உங்கள் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்த பையன்கூட இப்போது தானே மேஸ்திரியாகிவிட்டான் என்று சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். நான் அதற்கப்புறம் உங்களைப் பார்க்கவில்லை.

விக்கிரமங்கலத்தில் உங்கள் வீட்டு வாசலில் துக்கம் கேட்க வந்து அழுதுகொண்டு நின்றேன். அண்ணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டது. 'கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து போன் அடிச்சாலே சாமி படத்தப் பாத்துக்கிட்டுதான் எடுப்பேன். எங்கேருந்து வுழுந்தாரோன்னு. அவரு வூட்டுல, என் மடியில, பேசிக்கிட்டே போனாரு. அத நெனச்சுக்கம்மா' என்றது. அழுதுகொண்டிருந்த நான் அதைக் கேட்டு நிமிர்ந்தேன். யார் யாரோ எனக்குப் பாராட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், அண்ணே. எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

இந்த வருடம் ஆலையிலேயே நேரடியாகச் சேஃப்டி ஆபீசர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பித்தேன். நேர்காணலில், உங்கள் வேலையில் நீங்கள் செய்ததிலேயே பெருமையான விஷயம் எது என்று கேட்டார்கள். வலை, கொட்டகை, படிவங்கள் என்று சொல்லத்தான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. ஒரு மத்தியானம் நான் பயந்துபோய் நாளைக்கு எழுதலாம் என்று சொன்னேன், ஒரு சாரம் கட்டுபவர் என்னை அன்றைக்கே எழுத வைத்தார் என்றேன். கேள்வி கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பத்து நாளில் ஆர்டர் வந்தது. அப்பா அதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, ஹெல்மெட் அவர்களே கொடுப்பார்களா என்று கேட்டார்.

இப்போது புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் இந்தக் கதையைச் சொல்கிறேன். உங்களைத் தெய்வமாக்கிச் சொல்வதில்லை. கிளாம்பை விட்டது உங்கள் கை, தள்ளிப்போடப் பார்த்தது என் வாய் என்று இரண்டையும் சொல்கிறேன். நம் இரண்டு பேராலும் தவறு செய்ய முடிந்தது, அதைத் திருத்தவும் முடிந்தது என்று தெரிந்தால்தான் அவர்கள் தங்கள் தவறைச் சொல்ல வருவார்கள். இது நீங்கள் எனக்கு விட்டுப் போனது. தினமும் கையோடுதான் இருக்கிறது.

நேற்று ஒரு புது ஃபிட்டர், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. என் அறை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. ஒரு வால்வைத் தவறாகத் திறந்துவிட்டாளாம், யாருக்கும் தெரியாதாம், உடனே மூடியும் விட்டாளாம். 'சொன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா மேடம்?' என்று கேட்டாள்.

'அனுப்ப மாட்டாங்க. நான் இருக்கேன். வா, உக்காரு' என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். எழுதிய படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

போடுங்க என்றாள்.